தெற்றுப்பல்லும் கருப்புத்துணியும்

ஸ்டுடியோக்காரருக்குத் தெருவில் கருப்புத்துணி என்றுதான் பெயர். பளபளக்கும் எதைக் கண்டாலும் அதன்மேல் ஒரு கருப்புத்துணியைப் போர்த்திவிட்டுத்தான் கேமராவைத் தொடுவார். ஜன்னல் கண்ணாடியோ எவர்சில்வர் செம்போ, எதிலும் நிழலாகக்கூட எதுவும் தெரியக் கூடாது. அவர் போடுவதும் கருப்புச் சட்டைதான்.

பளபளப்பாவது பரவாயில்லை. மனித முகங்கள் என்றால் அவருக்கு இன்னும் இளக்காரம். உட்காருகிறவர் சிரித்தால், "வாயை மூடுங்க, பல் டாக்டர் கடை பக்கத்துத் தெரு" என்பார். முறைத்தால், "அடிக்க வர்ற மாதிரி பாக்காதீங்க." இப்படியே சொல்லிச் சொல்லி, முகத்தை அவித்த உருளைக்கிழங்காக்கிய பிறகு பட்டனை அமுக்குவார். அதற்கு அவர் வைத்த பெயர் லட்சணம்.

அவருடைய தங்கை அழகு நிலையம் வைத்திருந்தாள். வாசலில் மாட்டத் தன் படம் ஒன்று வேண்டும் என்று வந்தாள்.

"கடையில, பெரிய கண்ணாடி முன்னாடி நிப்பேன். கண்ணாடியில என் முகம் தெரியணும். சிரிச்ச முகம்."

"நாடகக் கொட்டகைக்கா படம் கேக்கிற?"

"அண்ணா, என் கல்யாண ஆல்பத்தைப் பாத்துட்டு யாரும்மா இதுன்னு என் பையன் கேக்கிறான்."

அந்த ஆல்பம் இவர் செய்ததுதான். தங்கையின் தெற்றுப்பல்லை ஒவ்வொரு படத்திலும் வரிசையாக்கி, பாதிப் படங்களில் வாயையே மூடிவிட்டிருந்தார். பெருமையாகச் செய்த வேலை. தன் பல்லோடு தனக்கு ஒரு படம்கூட இல்லை என்று அவள் அத்தனை வருஷம் வாய்திறந்து சொன்னதில்லை.

மறுநாள் போனார். அவள் கேட்ட ஒரு கண்ணாடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடினார். அந்தக் கண்ணாடியிலும் தான் விழாதபடி சாய்வாகக் கேமரா ஸ்டாண்டை நிறுத்தி, கேமராவிலிருந்து நீளும் வயர் பட்டனோடு ஓரமாக நின்றார். தங்கை பழக்கதோஷத்தில் கைக்கண்ணாடியைத் தோளருகே பிடித்துக்கொண்டாள், பின்தலையை வாடிக்கையாளருக்குக் காட்டுவாளே அதை. அவர் அதைச் சீப்பு மாதிரி ஒரு சாமானாக நினைத்து மூடாமல் விட்டுவிட்டார்.

"இந்தப் பல்லை வாசல்ல மாட்டினா எவ வருவா?"

"நீ வாசல்ல நின்னாதான் வர மாட்டாங்க" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எரிச்சலில் பட்டனை அமுக்கினார்.

ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, பெரிய கண்ணாடியில் தங்கை வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பிடித்திருந்த கைக்கண்ணாடிக்குள் ஓர் ஆள். கீழுதடு ஒருபக்கம் இழுத்துக்கொண்டு, எதையோ மிதித்துவிட்டது மாதிரி மூக்கு சுருங்கியிருந்தது. ஊரில் எத்தனையோ முகங்களைத் திட்டியிருக்கிறார், இவ்வளவு லட்சணம் கெட்ட ஒன்றைப் பார்த்ததில்லை. அது தான்தான் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

அந்த முகத்தை அழிக்க மவுஸை நகர்த்தினார்.

"தொடாதேண்ணா." எப்போது வந்தாளோ, நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். "இந்த மூஞ்சியைப் பாத்துத்தான் நான் சின்ன வயசுலேர்ந்து வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். அன்னைக்குப் பொத்தலை. பாரு, ரெண்டும் ஒரே படத்துல இருக்கு."

"ஊர் முழுக்கப் பாக்குமே."

"ஊருக்கு இது புதுசா? நீதான் இன்னைக்குப் பாக்கிற."

அவர் பல்லைத் தொடாமல், தன்னையும் தொடாமல், பெரிய அளவில் அச்சுப்போட்டுச் சட்டம் மாட்டினார். கொடுக்கும்போது, வேறு எங்கோ பார்த்தபடி கேட்டார்: "எப்பவுமே இப்படித்தானா இருக்கு என் முகம்?"

தங்கை படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"சேச்சே. தூங்கும்போது நல்லாத்தான் இருக்கும்."