நின்றால் அணைந்துவிடும் கார்

பக்கத்து வீட்டுக்காரரின் பழைய கார் காலையில் வாசலில் நின்று இருமுகிறது. உதறுகிறது, அணைகிறது. மறுபடி கிளப்புகிறார், மறுபடி அணைகிறது. எனக்கு உட்கார முடியவில்லை. காப்பியை வைத்துவிட்டுக் கூடத்தில் நடக்கிறேன். "போய்த்தான் பாருங்களேன், நடந்து நடந்து தரை தேயுது" என்கிறாள் மனைவி. போகமாட்டேன்.

அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு ரப்பர் கருகும் நாற்றம் வந்துவிடும். ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோல் ஏது? ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெயில்தான் மலாக்காவில் வண்டிகள் ஓடின. நாங்கள் இருந்த காஜா பெராங் பக்கம் முழுக்க அந்த நாற்றம். சட்டையில், தலையணையில், சோற்றில். சோறு என்பதே பொய், மரவள்ளிக்கிழங்கு. கிழங்கைப் பற்றிப் பேசினால் கோபம் வரும், விடுங்கள்.

நான் அப்போது ஒரு ஜப்பானிய அதிகாரிக்கு டிரைவர். வெள்ளைக்காரத் தோட்டத்துத் துரை ஒருவன் போட்டுவிட்டு ஓடிய கார் அது. ஓட்டினால் ஒழுங்காக ஓடும். நிறுத்தி என்ஜினை ஓடவிட்டால் உதறும், அணையும். அணையும்போதெல்லாம் பின்சீட்டிலிருந்து என் பிடரியில் அறை விழும். "பாக்கேரோ!" ஜப்பான் பாஷையில் எனக்கு நன்றாகப் பாடமானது அந்த வசவுதான்.

பழுது பார்த்தவன் என் சிநேகிதன் நாகப்பன். இந்த ஊர்ச் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ் வம்சம். நெற்றியில் பட்டை விபூதி, வாயில் மலாய். தமிழ் நொண்டும். ரப்பர் எண்ணெய்தான் அடைக்கிறது என்று கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றிக் கழுவினான். பிளக்கைச் சுரண்டினான். பலனில்லை. ஒருநாள் அதிகாரி பட்டறைக்கே வந்தான். சிங்கப்பூரிலிருந்து மேலதிகாரி வருகிறான், அவன் முன்னால் கார் அணைந்தால் நாகப்பனுக்குச் சயாம் என்றான். சயாம் என்றால் ரயில்பாதை போடும் வேலை. போனவன் எவனும் அதுவரை திரும்பியதில்லை.

மேலதிகாரிக்காக ஒரு டின் நல்ல பெட்ரோல் வந்தது. ஊற்றிப் பார்த்தோம். அதே உதறல்.

"அப்போ எண்ணெய் இல்லே," என்றான் நாகப்பன். "அங்ஙின் மாசோக் லா. எங்கியோ காத்து உள்ள போவுது."

"எங்கடா?"

"ஜாங்ஙான் காச்சாவ். சும்மா இரு."

என்ஜினை ஓடவிட்டு, கார்புரேட்டர் என்ஜினோடு சேரும் மூட்டைச் சுற்றிச் செம்பனை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டான். ஓரிடத்தில் சொட்டியதும் உதறல் நின்றது. எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டதும் மறுபடி உதறியது. அங்கேதான் ஓட்டை.

கழற்றினோம். மூட்டுக்கு நடுவில் காற்றுப் புகாமலிருக்க அவனே முன்பு வைத்த கேஸ்கெட், ரப்பர் ஷீட்டில் வெட்டியது. எந்தச் சாமானும் கிடைக்காத ஊரில் ரப்பர் மட்டும் மலையாகக் கிடந்தது. செருப்பு ரப்பர், வாளிக்கு ஒட்டு ரப்பர். பெட்ரோலானாலும் ரப்பர் எண்ணெயானாலும் அதில் ரப்பர் கரையும் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். கை பழகிவிட்டது. அது சளி மாதிரி விரலில் ஒட்டியது.

"சாமி, நான் போடோ! சுத்த முட்டாள்!" தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

கெட்டி அட்டை வேண்டும். என் வீட்டில் இருந்தது கல்யாணப் படத்தின் பின்னட்டைதான். பிய்த்தேன்.

"கட்டினவள பிச்சிப் போட்டுட்டு ஜப்பான்காரனுக்கு வைத்தியமா?" என்றாள் மனைவி.

"உன்னப் பிய்க்கலடி, படம் அப்படியே இருக்கு."

அட்டையை வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, பூட்டினான். மேலதிகாரி வந்த அன்று, சலாம் எல்லாம் முடியும்வரை கார் நின்ற இடத்தில் முனகாமல் ஓடியது. நாகப்பனுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் கிடைத்தது. யார் இதைச் செய்தது என்று மேலதிகாரி கேட்டான். எங்கள் அதிகாரி பெருமையாகச் சொன்னான்.

அந்த வாரமே பட்டறைக்கு லாரி வந்தது. சயாமில் லாரிகள் படுத்துக் கிடக்கின்றனவாம், நல்ல மெக்கானிக் வேண்டுமாம்.

"கார் அணையலியே, துவான்!" என்று அதிகாரியிடம் கத்தினேன். அறைதான் விழுந்தது.

நாகப்பன் லாரியில் ஏறி உட்கார்ந்தான். "அட்டை காஞ்சா எண்ணெய் தடவு, ஆ? மறக்காதே," என்றான். அணைந்தாலும் சயாம், அணையாவிட்டாலும் சயாம். இதற்கா அத்தனை பாடுபட்டோம்?

சண்டை முடிந்தது, அவன் வரவில்லை. பட்டறை இருந்த இடத்தில் இன்று வீடியோ கேசட் கடை. போகியன்று செட்டி வீடுகளில் செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். அவன் அம்மா சாகும்வரை அவனுக்கு இலை போடவில்லை. செத்தான் என்று எவனும் வந்து சொல்லவில்லையே. அவள் போனபின் வீட்டை விற்றுவிட்டார்கள். இப்போது அவனுக்கும் இலை இல்லை, அவளுக்கும் இல்லை.