தியாகதுருகத்திலிருந்து ஓர் அழைப்பு

நசுக்கிப் பார்க்காமல் நான் தக்காளிகூட வாங்குவதில்லை. அப்படியிருக்க, வீட்டில் உட்கார்ந்தபடியே ஊர் ஊராகக் காற்றில் பேச உதவும், ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலைக்கு விற்கும் ஹாம் ரேடியோவைச் சும்மா பார்த்துவிட்டு வாங்குவேனா? இந்தப் பெட்டிகள் கேட்கும்போது தேனாக ஒழுகும். நாம் பேச ஆரம்பித்தால்தான் புகை வரும்.

அதை வைத்திருந்தவர் தியாகதுருகத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர். காற்றில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். அவர் முகத்தை நான் முதலில் பார்த்தது சவப்பெட்டியில்தான். ரேடியோவின் முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். அதன் பிறகு அவர் மனைவி அந்த அறைப்பக்கமே போவதில்லை.

"அது உள்ள இருக்கிற வரைக்கும் அவரும் உள்ள உக்காந்துகினு இருக்கிற மாதிரியே இருக்கு தம்பி. எடுத்துக்கினு போய்ப் பாருங்க. நல்லா இருந்தா நீங்களே வச்சிக்கிங்க. எனக்கு வூடு வூடா இருந்தா போதும்" என்றார்.

எனக்கும் அந்தப் பெட்டிமேல் ரொம்ப நாளாகவே ஒரு கண்.

ஒரு ஞாயிறு காலை கல்வராயன் மலைக்கு அதை ஏற்றிக்கொண்டு போனேன். கீழே பம்ப்செட்டும் கரண்டு கம்பியும் ரேடியோவில் போடும் இரைச்சலில் எதையும் சோதிக்க முடியாது. வெள்ளிமலையைத் தாண்டி ஒரு கடுக்காய் மரத்தில் ஏரியல் கம்பியைக் கட்டி, கார் பேட்டரியோடு பெட்டியை இணைத்தேன். தூரத்துக் குரல்கள்கூடத் தெளிவாகக் கேட்டன. இனி பேசிப் பார்க்க வேண்டும். தொண்டை நோகக் கூவாமல் இருக்க, எங்கள் ஆட்கள் தங்கள் அழைப்பைப் பெட்டிக்குள்ளேயே பதிந்து வைப்பார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் அது விட்டுவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். மீட்டரைப் பார்த்தபடி, என் பெட்டியில் செய்யும் பழக்கத்தில், அதை அழுத்திவிட்டேன்.

"தியாகதுருகத்துலேர்ந்து கூப்பிடறேன். யாராவது கேக்கறீங்களா?"

ஆசிரியரின் குரல். அந்தக் குரல் என்னோடு நிற்கவில்லை, வானத்தில் போய்விட்டது. உடனே எங்கிருந்தோ ஒருவர் பதில் சொன்னார்.

"சார்! எங்க போயிட்டீங்க இத்தனை நாளா? நல்லா இருக்கீங்களா?"

மைக்கைத் தேடினேன். அதற்குள் பெட்டி மறுபடியும் கூப்பிட்டது.

"கேக்குது சார், நல்லா கேக்குது! நான் பேசறது கேக்குதா?"

எதுவும் காதில் விழாதவராக ஆசிரியர் திரும்பவும் கூப்பிட்டார். பயந்துபோய் அந்தப் பொத்தானை நிறுத்தினேன். பிறகு மைக்கைப் பிடித்து அந்த மனிதரிடம் ஆசிரியர் இறந்துபோனதைச் சொன்னேன்.

"அப்ப இப்ப பேசினது யாருங்க?" என்றார்.

நேராகத் தியாகதுருகத்துக்கு வந்தேன். ஆசிரியரின் மனைவியிடம் நடந்ததைச் சொல்லி, "பெட்டியை எடுத்துக்கறேம்மா. ஆனா அவர் குரல் உள்ள இருக்கு. நீங்க சொல்லாம அதுல கை வைக்க மாட்டேன்" என்றேன்.

"ஒருதரம் போடுங்க."

ஏரியல் இல்லாமல், ஸ்பீக்கரில் மட்டும் போட்டேன். கேட்டதும் அவர் முகம் மாறியது. "இப்படித் தொண்டயத் தொறந்து என்கிட்ட பேசினதே இல்ல."

பெட்டி மறுபடியும் கூப்பிட்டது. அவர் குனிந்து, "கேக்குதுங்க" என்றார். அது திரும்பவும் கூப்பிட்டது. "இங்கதாங்க இருக்கேன்" என்றார் கொஞ்சம் உரக்க. அது மீண்டும் கூப்பிட்டது.

அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். "அழிச்சிடுங்க தம்பி. நாம சொல்றது அவருக்குக் கேக்கல. பாவம், எவ்ளோ நேரந்தான் கூப்பிடுவாரு?"

அழித்தேன். பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. அந்த இடத்தில் என் குரலைப் பதிய எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.