நீச்சல் குளத்து ஓரம் ஒரு பகல் தூக்கம்

2014-ஆம் வருடக் கோடை. ஒரகடத்தில் லாரி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. லைனில் வரும் ஒவ்வொரு வண்டியின் ரேடியேட்டரிலும் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் நிரப்பி, உள்ளே காற்று தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தங்கியிருந்தது மண்ணூரில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. கூட இருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன். சொந்தமெல்லாம் இல்லை, ஒரே அறைக்கு வாடகை கொடுத்ததால் அமைந்த அண்ணன். அருகிலிருந்த சின்ன யூனிட்டில், இரும்புத் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டினார், எப்போதும் நைட் ஷிப்ட். நான் காலையில் கம்பெனி பஸ் ஏறப் போகும்போது அவர் எதிரே நடந்து வருவார். ஒருவர் எழுந்த பாயில் இன்னொருவர் படுப்பது எங்கள் தெருவில் சகஜம்.

எனக்குக் கம்ப்யூட்டரில் வீடு வரையும் பைத்தியம் இருந்தது. அந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் வில்லா விளம்பரம். இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்தது போலக் காட்ட ஆள் தேடினார்கள். நான் வரைந்தேன். லைனை விட்டு என்றாவது ஒருநாள் வெளியேற எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். வரைந்ததை நிஜ வீட்டின் போட்டோ போன்ற படமாக மாற்ற கம்ப்யூட்டர் பகல் முழுக்க ஓட வேண்டும். நான் வேலைக்குப் போய்விடுவேன், அது பாட்டுக்கு ஓடும். பக்கத்தில் அண்ணன் தூங்குவார். தூங்க முயல்வார் என்று சொல்ல வேண்டும். வெயிலில் ப்ராசஸர் சூடேறி, அதன் ஃபேன் மிக்ஸி மாதிரி அலறும். காதை மூடித் துண்டைக் கட்டிக்கொள்வாரே தவிர, ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மனசு கேட்காமல், லிக்விட் கூலர் வாங்குவது என்று முடிவெடுத்தேன். ப்ராசஸர் தலையில் ஒரு குட்டி பம்ப், இரண்டு குழாய், ஒரு சின்ன ரேடியேட்டர். ஏறக்குறைய என் லாரி கதைதான். வாரக்கணக்கில் இன்டர்நெட்டில் படித்தேன், முகம் தெரியாதவர்களிடமெல்லாம் கேட்டேன். ஒற்றை ஃபேன் வைத்தது என் கேபினெட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் ஃபேன் வேகமாகச் சுற்றும். இரட்டை ஃபேன் மெதுவாகச் சுற்றும், சத்தம் குறைவு, ஆனால் இடம் பற்றாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்ப்யூட்டர் கடைக்காரர், "ஸ்பீடு ஏத்தி கேம் ஆடுவீங்களா சார்?" என்றார். "இல்லைங்க, ஒருத்தர் தூங்கணும்" என்றேன். விசித்திரமாகப் பார்த்துவிட்டு, இரட்டை ஃபேனை எடுத்துக் கொடுத்தார்.

அட்டைப்பெட்டியோடு வந்த என்னை வீட்டுக்கார அம்மா வாசலிலேயே மடக்கினார். "இன்னாபா இது, கம்ப்யூட்டருக்குள்ள தண்ணி வுடுறியா? கரண்டு புட்சிக்கினா என்னை கேக்காத."

மேலே இடம் இல்லாததால் ரேடியேட்டரைக் கேபினெட்டின் அடியில் மாட்டினேன். ஆன் செய்ததும் ஃபேன் சத்தம் அடங்கியது. ஆனால், குளுக்... குளுக்... என்று வேறொரு சத்தம். எனக்குத் திக்கென்றது. ரேடியேட்டரைவிட பம்ப் உயரத்தில் இருந்தால் குழாயில் உள்ள காற்று அங்கே போய்ச் சேரும், நாளாவட்டத்தில் பம்ப் சாகும். எங்கள் லைனில் இப்படி ஒரு வண்டி வந்தால் ஓரங்கட்டிவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை சரி செய்துகொள்ளலாம் என்று விட்டுவைத்தேன்.

அந்த வாரம் அண்ணன் தூங்கிய தூக்கம் இருக்கிறதே! சாயங்காலம் நான் உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. ஒருநாள் கண்ணைத் திறக்காமலே மானிட்டர் பக்கம் கைகாட்டினார். அதில் நான் வரைந்த நீச்சல் குளம் வைத்த வில்லா.

"அந்த வீட்டுலதாம்டே படுத்துக் கெடக்கேன். குளத்து ஓரமா. தண்ணி வந்து வந்து தட்டுது."

நன்றாகச் சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை வந்ததும், இப்படியே விட்டால் பம்ப் கெட்டுவிடும் என்று அவரிடமும் சொல்லிவிட்டு, கேபினெட்டின் மேல் தகட்டை வெட்டி, ரேடியேட்டரை உயரத்தில் மாட்டினேன். காற்று மேலே ஏறிவிட்டது. குளுக் சத்தம் சுத்தமாக நின்றது. எனக்கோ கால் தரையில் பாவவில்லை. அவர், "நல்லாருக்குடே" என்று மட்டும் சொன்னார்.

சில நாள் கழித்து, வேலை முடிந்து வந்தபோது அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கிளவுஸ். அதன் ஆள்காட்டி விரல் நுனியைக் காணோம். பதறிப்போய் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் முழுசாக இருந்தது. முந்தின ராத்திரி நின்றபடியே கண் அசந்து, கையை எடுக்கும் முன் பிரஸ்ஸின் பெடலை மிதித்திருக்கிறார். போனது துணி மட்டும். இனி ஒருமுறை தூங்கி விழுந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

"பகல்ல தூங்கலையா அண்ணே?"

தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "சத்தமே இல்லேன்னா காதுக்குள்ள பிரஸ் அடிக்க ஆரம்பிச்சிருது. தூக்கம் வரமாட்டேங்கு. அந்தத் தண்ணிச் சத்தத்துல அது கேக்காது. நீ ஆசையா செஞ்சிருக்க, எப்பிடிடே சொல்ல?"

இன்டர்நெட்டில் கேட்டேன், கடைக்காரரிடம் கேட்டேன். தூங்கப் போகிறவரிடம் மட்டும் கேட்கவே இல்லை. உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ரேடியேட்டரைக் கழற்றி மறுபடி அடியில் மாட்டினேன்.

"பம்பு போயிரும்னியே?"

"போனா போவுது அண்ணே. படுங்க."

ஆன் செய்தேன். குளுக்... குளுக்... வில்லா படத்தைத் திரையில் வைத்துவிட்டுத் திரும்பினால், அவர் தூங்கிவிட்டிருந்தார். அவருடைய ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. திரையின் நீல வெளிச்சம் அவருடைய விரிந்த கையில் மெல்ல அசைவது போலிருந்தது. தகிக்கும் அந்த அறை கொஞ்ச நேரம் தண்ணீருக்கு அடியில் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. காபி குடிக்கக்கூடப் போகாமல், அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் பயந்தபடியே அந்தப் பம்ப் தீபாவளி வாக்கில் நின்றுபோனது. அதற்குள் அண்ணன் பத்து விரலோடு ஸ்டோர்ஸ் வேலைக்கு, பகல் ஷிப்டுக்கு மாறியிருந்தார். இன்று நான் வீடு வரைவதையே தொழிலாக வைத்திருக்கிறேன். வீடு வரையச் சொல்லி யாராவது வந்து உட்கார்ந்ததும் நல்ல வீடு எது என்று விளக்க வாய் துறுதுறுக்கும். அதை அடக்கிக்கொண்டு, "உங்களுக்கு எங்கே நல்லா தூக்கம் வரும்?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.