டிரையருக்குள் சொன்ன ‘வாரேன்’

பீளமேட்டில் உட்கார்ந்து நாங்கள் எழுதிய மென்பொருள், பெருந்துறை தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனியின் டிரையரை ஓட்டிக்கொண்டிருந்தது. டிரையர் என்றால் வீட்டில் இருப்பது போன்றதல்ல. ஓர் ஆள் குனிந்து உள்ளேயே போகலாம். ஓடும்போது சூடு, நேரம், டிரம் சுற்றும் திசை எல்லாவற்றையும் அது அவ்வப்போது நினைவில் பதிந்துகொள்ளும். கரண்ட் போய் வந்தால் யாரும் தொட வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தானாக ஓடும். அந்தப் பகுதியை எழுதியது நான். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

அன்று வெப்பநிலை கண்டபடி காட்டுகிறது என்று கூப்பிட்டார்கள். நான் போய் நின்றதும், பாதி ஓட்டத்தில் கரண்ட் போனது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். மெயின் சுவிட்சை இறக்க வேண்டுமென்று தோன்றவே இல்லை, கரண்ட்தான் இல்லையே! ஆபரேட்டர் அண்ணன் துணிகளை வெளியே அள்ளிப்போட்டார். சூடு கொஞ்சம் தணிந்ததும் நான் டார்ச்சும் ஸ்பேனருமாக உள்ளே புகுந்து பின்சுவர் வரை தவழ்ந்தேன். சென்சார் வயர் லூசாக இருந்தது. முறுக்கிவிட்டேன்.

“முடிஞ்சுதுங்களா?” என்று வெளியிலிருந்து கேட்டார் அண்ணன்.

“முடிஞ்சுதுங்க. வாரேனுங்க.”

வெளியே வருகிறேன் என்றுதான் சொன்னேன். ஆனால் எங்கள் பக்கம் கிளம்புகிறவரும் ‘போறேன்’ என்று சொல்லமாட்டார். ‘வாரேன்’ என்றுதான் சொல்வார். துணி வண்டிக்குப் பின்னால் நின்றிருந்த அண்ணன், நான் வெளியே வந்து விடைபெறுவதாக எடுத்துக்கொண்டார். “சரிங்க” என்றார். உள்ளே இருக்கிற சூடு போய்விடக்கூடாதென்று வந்து, உள்ளே பார்க்காமலே கதவைச் சாத்தினார்.

நான் திகைத்து வாயைத் திறப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

டிரம் சுற்றியது. என்னை மேலே தூக்கிக்கொண்டுபோய்க் கீழே போட்டது. செத்தேன் என்றே நினைத்தேன். கத்தினேன், கையில் இருந்த ஸ்பேனரால் இரும்பை அடித்தேன். சத்தம் கேட்டு அண்ணன் ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தினார்.

கதவைத் திறந்து என்னை வெளியே இழுத்துப்போட்டார். “நீங்க வாரேன்னு சொன்னீங்களேங்க...” என்றார்.

நான் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே போய்த் திரையைப் பார்த்தேன். பிசகே இல்லை. விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கியிருந்தது.

“கரெக்டா ஓடியிருக்குதுங்க” என்றேன், சிரித்துக்கொண்டே.

அண்ணன் பேயைப் பார்த்ததுபோல ஓரடி பின்வாங்கினார்.

“ஏனுங்க, உள்ள இருந்தது நீங்கதானுங்களே?”

அப்போதுதான் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.