கணக்கில் இல்லாத இயந்திரம்

ஸ்குறூட்றைவரின் நுனியைக் கொம்பிறசரின் இரும்பு உடம்பில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு வாகீசன் கண்ணை மூடி நிற்கிறார். காலை ஆறரை மணி. வாசலில் ஐஸ் ஏற்ற வந்த லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரங்கள் இரைகின்றன. யாரோ கூப்பிடுகிறார்கள். அவருக்குக் கேட்காது. "பெயறிங் கதைக்குது," என்பார் பிறகு. "போன மாசத்தை விடக் கூடக் கதைக்குது."

ஊர்காவற்றுறையில் ஒரு மீனவர் சங்கத்தின் ஐஸ் ஆலைக்கு அவர் முகாமையாளர். ஊர் புளியங்கூடல், கடலுக்குப் போகிற குடும்பம் அல்ல. மெக்கானிக்காக வந்தவர். ஆறு வருடங்களுக்கு முன் பழைய முகாமையாளர் கனடாவுக்குப் போக, வேறு ஆள் கிடைக்கும்வரை என்று சொல்லி இவரை இருத்தினார்கள். வேறு ஆள் வரவேயில்லை. முகாமையாளர் கதிரையில் பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் குவிந்து கிடக்கும். இவர் கவிழ்த்து வைத்த எண்ணெய் வாளி மேல் இருப்பார். சட்டைப் பையில் பேனை இருக்காது, மின்சாரம் பார்க்கும் ரெஸ்ரர் இருக்கும். எதைக் கேட்டாலும் முதல் பதில் "பாப்பம்."

எண்கள் அவருக்குப் பகை அல்ல. எந்த மணிக்கு எந்த மானி என்ன காட்டியது என்று மனப்பாடமாகச் சொல்வார். ஆனால் வருடக் கணக்கறிக்கை வந்தால் முகம் சுருங்கிவிடும். கணக்குப் பார்க்கும் நிலாந்தினி கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி போட்டுக் கொடுப்பாள். "எனக்கு உது விளங்காது, பிள்ளை. நீர் சரியெண்டால் சரி." ஆறு வருடமும் அப்படித்தான் போனது.

இந்த ஒக்ரோபரில் கணக்குப் படிக்காத முகாமையாளர்களுக்கென்று யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். சங்கத் தலைவர் அனுப்பியபடியால் போனார். இரண்டு நாளும் பின்வரிசையில் இருந்து வியர்த்தார். மூன்றாம் நாள், படிப்பித்த பெண் ஒரு வேலை கொடுத்தாள்: "திரும்பிப் போய், உங்கடை வேலை இடத்திலை கண்ணாலை காணுற ஒவ்வொரு சாமானும் கணக்கறிக்கையிலை எங்கை கிடக்கெண்டு தேடுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

தேடுவது அவருக்குத் தெரிந்த வேலை. மறுநாள் மத்தியானம், ஐஸ் ஏற்றி முடிந்து வாசல் வெறிச்சோடியதும், அறிக்கையை மடியில் விரித்தார். பன்னிரண்டு கதிரைகள் இருந்தன. அலுமாரி இருந்தது. கூரையில் ஆடி ஆடிச் சுற்றும் மின்விசிறியும் இருந்தது. அந்த வருடம் அது முந்நூற்றைம்பது ரூபாய்க்குத் தேய்ந்ததாக எழுதியிருந்தது. தேய்மானம் என்ற சொல்லில் விரல் நின்றது. வாழ்நாள் முழுக்கத் தேய்மானத்தோடு மல்லுக்கட்டியவருக்கு அது கணக்கிலும் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. அடுத்து ஐஸ் மெசினைத் தேடினார். இரண்டு தரம் தேடினார். வாளியிலிருந்து எழும்பிவிட்டார்.

"நிலாந்தினி, மெசின் எங்கை?"

"அது இனாமாய் வந்ததெல்லோ அண்ணை. சண்டை முடிய வெளிநாட்டுக்காரர் தந்தது. நாங்கள் காசு குடுக்கேல்லை, அதாலை பெறுமதி பூச்சியம்."

"அப்ப அது தேயாதோ?"

நிலாந்தினி அறிக்கையை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள்.

வாகீசன் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துப் புது மெசினின் விலை கேட்டார். தொண்ணூறு இலட்சம். இப்போதிருப்பது பதினைந்து வருடம் ஓடும்; பதின்மூன்று ஓடிவிட்டது. பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் பிரித்துப் பார்த்தார். வருடத்துக்கு ஆறு இலட்சம் தேய்கிறது. அறிக்கை காட்டிய இலாபம் ஐந்து இலட்சத்து நாற்பதினாயிரம். அறுபதினாயிரம் நட்டத்தில் ஓடும் ஆலை, ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் இலாபம் பங்கிட்டிருக்கிறது. அந்தக் கடதாசிகளில் கிடப்பது அவருடைய கையெழுத்து. அன்று அவர் கொண்டுபோன சாப்பாட்டுப் பொதி பிரிக்கப்படாமலே வீடு திரும்பியது.

சங்கத் தலைவர் அன்ரனிதாசிடம் சொன்னார். அவர் கதவைச் சாத்தினார். "இலாபம் பங்கிடுறமெண்டு கோயில் வாசலிலை சொல்லிப்போட்டன், வாகீசன். தொண்ணூறு பேர், ஆளுக்கு ஆறாயிரம். இப்ப இல்லையெண்டால் என்னைக் கிழிச்சுப்போடுவாங்கள். இந்த வரியம் கையெழுத்தை வையும். வாற வரியம் பாப்பம்."

"ஏலாது," என்றார் வாகீசன். 'பாப்பம்' என்று சொல்லாத முதல் நாள் அது.

"மனேச்சர் வேலைக்கு வேறை ஆளும் எடுக்கலாம்."

"ஓம். எடுக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆலையோடு சேர்ந்த சங்க மண்டபத்தில் பொதுக்கூட்டம். எண்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். வாகீசன் எழும்பி, மெசின் கணக்கில் இல்லாததைச் சொன்னபோது மண்டபம் முதலில் விளங்காமல் இருந்தது, விளங்கியதும் கொதித்தது. "கடலுக்குப் போகாதவனுக்கு எங்கடை வயித்தெரிவு தெரியுமோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். முன்வரிசையில் இருந்த மதலேனா எழும்பினாள். புருசன் இறந்த பிறகு அவனுடைய வள்ளத்தை ஆள் வைத்து ஓட்டுகிறவள்.

"தம்பி, மெசின் ஓடுதோ இல்லையோ?"

"ஓடுதம்மா."

"அப்ப என்ன நட்டம்? என்ரை வலை கிழிஞ்சு கிடக்கு. அந்த ஆறாயிரத்தை நம்பித்தான் நூல் கடனுக்கு எடுத்தனான்."

வாகீசன் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்கடை வலையை வருசத்திலை எத்தினை தரம் பொத்துறியள்?"

"எண்ணேலுமே?"

"அந்தக் காசை ஒதுக்காமல், மீன் வித்ததெல்லாம் இலாபமெண்டு செலவழிச்சால்?"

மதலேனா திரும்பக் கதிரையில் இருந்துவிட்டாள். வாகீசன் மற்றவர்களைப் பார்த்தார். "நாங்கள் இவ்வளவு நாளும் ஐஸ் வித்துச் சாப்பிடேல்லை. மெசினை வித்துச் சாப்பிட்டிருக்கிறம். இன்னும் ரெண்டு வரியத்திலை அது நிண்டால், மீனைக் கரையிலை வைச்சுப் பாத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் ஆறு வரியம் வாசியாமல் கையெழுத்து வைச்சனான். அது என்ரை பிழை. வேலையாலை நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ. ஆனால் உதுக்குக் கையெழுத்து வைக்கமாட்டன்."

காசைப் பங்கிடாமல் புது மெசினுக்கென்று தனிக் கணக்கில் போடுவோர் கை உயர்த்தச் சொன்னார் அன்ரனிதாஸ். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. மதலேனா மடியில் கிடந்த கையைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உயர்த்தினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து கைகள் எழுந்தன. நிலாந்தினி இரண்டு முறை எண்ணினாள். நாற்பத்திரண்டு. எதிராக முப்பத்தொன்பது.

யாரும் கைதட்டவில்லை. கதிரைகளை இழுத்துத் தள்ளிக்கொண்டு வெளியேறினார்கள். சிலர் வாகீசனைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பினார்கள். மதலேனா மட்டும் நின்றாள். "நூல் கடைக்காரனுக்கு நீர்தான் வந்து சொல்லும்," என்றுவிட்டுப் போனாள்.

வாகீசன் மோட்டார் சைக்கிளின் சாவியைத் துவாரத்தில் போட்டார். திருகாமலே திரும்ப இழுத்தார். அதைப் பைக்குள் போட்டுவிட்டு ஆலைக்குள் திரும்பி வந்தார். அச்சிலிருந்து அப்போதுதான் கழற்றிய ஐஸ் கட்டி ஒன்று தரையில் புகைந்துகொண்டு கிடந்தது. அதன் முன் குந்தி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அதன் மேல் வைத்தார். விரல்கள் மரத்துப்போகும்வரை எடுக்கவில்லை.