வடக்கனந்தலின் எதிரி

கரும்பு லோடு ஏற்றிக்கொண்டிருந்த பகலவன், நாட்டின் எதிரியாகப் பதவியேற்றது போன வருஷம்தான். பட்டாளத்தில் வெறுங்கைச் சண்டை சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஹவில்தார் சின்னப்பன், ஆள்சேர்ப்புக்குப் போகும் பையன்களுக்காக வடக்கனந்தலில் ஒரு பயிற்சி முகாம் தொடங்கினார். வீரனாக விரும்பிய பையன்கள் குவிந்தார்கள். எதிரியாக ஒருத்தனும் சம்மதிக்கவில்லை. கடைசியில் பகலவனைக் கூலிக்கு அமர்த்தினார்.

காலையில் மரக்கத்தியோடு பாய வேண்டும். சின்னப்பன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, இடுப்பில் ஏற்றித் தூக்கிப் போடுவார். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடி தேசத்தின் மீது படையெடுக்க வேண்டும். மதியம் சோறு உண்டு. இவ்வளவு ஒழுங்காகத் தோற்கும் எதிரி எந்த எல்லையிலும் கிடைக்கமாட்டான்.

சிக்கல் கல்யாணத்தில் வந்தது. கல்வராயன் மலையடிவாரத்தில் இசைவாணி என்றொரு பெண்ணின் ஜாதகம் பொருந்தியது. "மாப்ள பாக்கற வேலய நேர்ல பாத்துட்டுதான் பேச்சு" என்றார் அவள் அப்பா காசிநாதன். மகளோடு அவர் வந்து இறங்கியதோ, ஊரே கூடியிருந்த செய்முறை விளக்க நாளில்.

பகலவன் பதறி ஓடினான். "மாஸ்டர், இன்னிக்கு ஒரு நாளு நான் ஜெயிச்சுக்கறன். பொண்ணு வந்துகீது."

"எதிரி ஜெயிச்சா நாட்டுக்கு இன்னாடா மரியாத? போய்க் கத்திய எடு."

பாய்ந்தான். சின்னப்பன் பிடித்தார், முறுக்கினார், இடுப்பைக் கொடுத்தார். பகலவன் காலை ஊன்றி அசையாமல் நின்றான். பாடத்திட்டத்தில் இப்படியோர் எதிரி கிடையாது.

"வுழுடா" என்றார் சின்னப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாட்டன் மாஸ்டர்."

"டேய், என் முட்டி போயிடும்டா. பசங்க பாத்துக்கினு இருக்கானுங்க."

அவர் கால் நடுங்குவது பகலவனுக்குத் தெரிந்தது. இசைவாணியை ஒருமுறை பார்த்தான். கல்யாணத்தை மனதுக்குள் கைகழுவினான். விழுந்தான். அரைகுறையாக விழ அவனுக்குத் தெரியாது. காற்றில் ஒரு சுற்று, தரையில் உள்ளங்கையால் ஓர் அறை, உருண்ட வேகத்திலேயே எழுந்து நின்றான். கைதட்டல் முழுக்கச் சின்னப்பனுக்கு.

காசிநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பகலவனின் முதுகைத் தடவினார், இடுப்பை அமுக்கினார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"இன்னொரு வாட்டி வுழுங்க."

விழுந்தான்.

"அந்தப் பக்கமா?"

அந்தப் பக்கமும் விழுந்தான். சந்தையில் மாடு வாங்குகிறவர்கூட இவ்வளவு சோதிக்கமாட்டார்.

"புளி உலுக்க மரமேறுற குடும்பங்க எங்குளுது" என்றார் காசிநாதன். "எங்கண்ணன் வுழுந்தாரு, படுத்த படுக்க. மச்சான் வுழுந்தாரு, இடுப்பு போச்சு. வுழுந்த வேகத்துல எழுந்த ஆள இப்பதான் பாக்கறன்."

இசைவாணி அப்போதுதான் வாய் திறந்தாள். "பேசிக்கினே நின்னா இன்னாப்பா? மாசில நீயுந்தான் ஏறப்போற. கத்துக்கோ."

காசிநாதன் துண்டை மகளிடம் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கைய மட்டும் ஊனிடாதீங்க" என்றான் பகலவன். சற்றுத் தயங்கி, "மாமா" என்றும் சேர்த்துக்கொண்டான்.

காசிநாதன் ஆட்சேபிக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, விழத் தயாரானார்.