புகை போட்ட கைக்கடிகாரம்

என் தாய்மாமாவுக்குக் கல்யாணம் ஆனதே அந்தக் கைக்கடிகாரத்தால்தான் என்று எங்கள் குடும்பத்தில் சொல்லிக்கொள்வார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் பேச்சு அது. உண்மையில் அந்தக் கடிகாரம் கல்யாணத்தைக் கெடுக்கத்தான் பார்த்தது.

மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து தாப்பா டவுன், மாட்டு வண்டியில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுகிற தூரம். மாமா சின்னத் துரையின் பங்களாவில் வேலை பார்த்தார். துரை காய்ச்சலில் கிடந்தபோது மாமாதான் பக்கத்திலிருந்து கஞ்சி ஊட்டியவர். அந்தத் துரை சீமைக்குத் திரும்பும்போது தன் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி மாமா கையில் கட்டிவிட்டுப் போனார். அன்று முதல் மாமா சட்டையை முழங்கை வரை மடித்துவிடாமல் வெளியே கிளம்பியதில்லை. எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்துச் சனங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். ஆனால் மணி என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்ய? தண்டவாளத் துண்டில் அடித்தால் எழுந்து வேலைக்குப் போவோம், மறுபடி அடித்தால் திரும்பி வருவோம். எங்கள் நேரமெல்லாம் அந்த இரும்புத் துண்டில் இருந்தது.

அம்மாவுக்குத் தன் தம்பியின் கல்யாணம்தான் கவலை. அப்போது தோட்டங்களில் ஆண்கள் மிகுதி, பெண்கள் குறைவு. மாமாவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகத் தாப்பாவில் ஒரு பெண். அவளுடைய அப்பா ரயில் பாதையில் வேலை பார்த்தார். பெண் மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவள். "கையில கடியாரம் கட்டுற மாப்பிள்ளை" என்று தரகர் அங்கே அளந்துவிட்டு வந்திருந்தார். பெண்ணின் அப்பா அதில்தான் சொக்கிப்போனாராம்.

பெண் பார்க்கப் போகிற வாரம் பார்த்து, மாமா கடிகாரத்தோடு ஆற்றில் முங்கிவிட்டு வந்து நின்றார். கண்ணாடிக்குள் ஒரே மூட்டம். முள்ளும் தெரியவில்லை, எழுத்தும் தெரியவில்லை.

"அட பாவி! கழட்டி வச்சிட்டுக் குளிக்கத் தெரியாதாடா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"மறந்துட்டேன்க்கா. போனாப் போவுது, விடு. கடியாரம் இல்லாமலே போலாம்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு ஈ வந்து உட்கார்ந்தால்கூடத் துடைத்துத் துடைத்து வைக்கிற மனிதர் இப்படிப் பேசுகிறாரே! அம்மா விடுவாளா? அரிசிப் பானைக்குள் கடிகாரத்தைப் புதைத்தாள். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெளிந்தது. பிறகு வெயிலில் வைத்தாள். உள்ளே இருந்த ஈரம் சூட்டில் முத்து முத்தாகக் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. மாமா எட்டிப் பார்த்தார். வருத்தப்படுகிற முகமாகத் தெரியவில்லை.

அப்பாதான் முடிவு சொன்னார். அவருக்குப் புகைக்கூட்டில் வேலை. ரப்பர் பாலை உறையவைத்து, தகடாக அழுத்தி, அங்கே மூங்கிலில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிக் காயவைப்பார்கள். மழைக் காலத்தில் எங்கள் துணிமணியெல்லாம் காய்வதும் அங்கேதான். "அங்க காயாத ஈரம் உலகத்துல உண்டா? குடு இப்படி" என்று வாங்கிக்கொண்டு போனார். கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்களாம். ரப்பர் தகடுகளுக்கு நடுவே துரையின் கடிகாரமும் தொங்கியது. தகடு பதமாகும்வரை அதையும் இறக்கவில்லை. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது!

இறக்கிக்கொண்டு வந்தபோது மூட்டம் போயிருந்தது. ஆனால் கண்ணாடி தேன் நிறத்துக்கு மாறியிருந்தது. தோல்வாரில் புகை நாற்றம் மூக்கைத் துளைத்தது. இருந்தாலும் முள் தெரிந்தது, எழுத்து தெரிந்தது. எங்களுக்கு அது போதும். அப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். மாமா மட்டும் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, மாமா, சின்னப் பெண்ணான நான் நால்வரும் தாப்பாவுக்குப் போனோம். காலையிலிருந்தே மழை, வானம் இருண்டு கிடந்தது. பெண்ணின் அப்பா நல்ல மனிதர், ஆனால் நாள் கிழமை பார்ப்பதில் கறார். பேச்செல்லாம் சுமுகமாக முடிந்தது. வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்டால் சம்பந்தம் உறுதி. மாற்றாமல் கிளம்பினால் நிச்சயமில்லை. அடுத்த வாரம் சித்தியவானிலிருந்து வேறொருவர் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அம்மா தட்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. ராகு காலம் ஓடிட்டு இருக்கு, ஆறு மணியாவணும். இந்த மழையில பொழுதே தெரியலியே," என்றவர் முகம் மலர்ந்து மாமா பக்கம் திரும்பினார். "அட, நம்ம தம்பி கையிலதான் இருக்கே! மணி பாருங்க தம்பி."

மாமா கையைத் தூக்கினார். பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அவர் காது மடல் சிவந்துபோயிருந்தது. அம்மா தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டுக் காயவைத்ததைப் பார்த்துச் சொல்ல இத்தனை நேரமா?

அந்தச் சமயம் காப்பித் தம்ளர்களை எடுக்கப் பெண் வந்தாள். மாமாவுக்கு முன்னால் குனிந்தாள். அவர் மணிக்கட்டை ஒரு பார்வை, முகத்தை ஒரு பார்வை.

"ஆறு தாண்டிருச்சுப்பா," என்றாள். "அவரு நிதானமாப் பார்த்துச் சொல்றதுக்குள்ள நீங்க அவசரப்படுறீங்க."

"ஆமாங்க, ஆறு... தாண்டிருச்சு," என்றார் மாமா.

தட்டு மாறியது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு மட்டும் அந்தப் பெண்ணின் மேல் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியில் வரும்போது, "அந்த அக்கா சரியான முந்திரிக்கொட்டை. மாமாவை மணி சொல்லவே விடல" என்றேன். அப்பா சிரித்தார். மாமா மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் மாமியோடு முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தேன்.

நானும் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு, ஒரு நாள் மாமியோடு உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். பேச்சோடு பேச்சாக அன்றைய கோபத்தைச் சொன்னேன். மாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஒங்க மாமாவுக்கு மணி பார்க்கவே தெரியாதுடி. அந்தக் கடியாரத்துல அப்ப மணி பத்தேகால். அதுவும் ஓடல, நின்னுபோயிருந்துச்சு!"

"அப்ப ராகு காலம்?"

"யாருக்குத் தெரியும்? தம்ளர் எடுக்கக் குனிஞ்சேன். மனுசன் அழுதுருவாரு போல இருந்துச்சு."

மாமா மறந்துதான் கடிகாரத்தோடு ஆற்றில் முங்கினாரா என்று அதன் பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அதைக் கேட்க மாமா அப்போது உயிரோடு இல்லை. அது கிடக்கட்டும். அன்று அந்த வீட்டில் ஜாதகம் பார்த்தோம், வேலையை விசாரித்தோம், நேரம் பார்த்தோம். பெண்ணுக்குச் சம்மதமா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே அவள் பதில் சொல்லிவிட்டாள் என்பது, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை.